ஓரத்து அரைக்கட்டம்

இருபத்திரண்டு வருடமாகச் சீட்டின் முதுகைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன். ராஜாவும் ராணியும் இருக்கிற பக்கத்தைப் பார்க்கத்தான் அத்தனை கூட்டமும் மக்காவ் சூதாட்ட நகரத்துக்குப் படகேறி வருகிறது. என்னைக் கேட்டால் அந்தப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. முகம் தெரிந்தபிறகு திருட என்ன இருக்கிறது?

முதுகில் ஏன் பூவும் பறவையும் வரையாமல் சின்னச் சின்ன வைரக் கட்டமாக அச்சடிக்கிறார்கள் என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். பறவை வரைந்தால் தலை மேலே இருக்கும், கால் கீழே இருக்கும். சீட்டைத் திருப்பி வைத்தால் பறவை தலைகீழாகத் தொங்கும். நல்ல சீட்டையெல்லாம் தொங்கவிட்டு மற்றதையெல்லாம் நிற்கவிட்டால், முகத்தைப் பார்க்காமலே அடுத்து எது வருகிறதென்று சொல்லிவிடலாம். அதற்காகத்தான் எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி தெரிகிற கட்டம். நகத்தால் கீறினால் கோடு அறுந்து தெரியும். மை தொட்டால் ஒரு கட்டம் மட்டும் கறுத்துத் தெரியும். இதையெல்லாம் லென்ஸ் வைத்துப் பார்ப்பதுதான் என் வேலை என்றேன். "இதுக்குப் போயா உனக்குக் காசு குடுக்கறாங்க?" என்றாள். ஆமாம், இதற்குப் போய்த்தான்.

நான் வேலை பார்க்கும் சூதாட்ட மாளிகைக்கு ‘வெள்ளி நாரை’ என்று பெயர். அங்கே அப்போது புழங்கிய சீட்டுக்கு வெள்ளை ஓரம் கிடையாது. கட்டம் விளிம்புவரை ஓடும். பார்க்கப் பட்டுத்துணி மாதிரி இருக்கிறதென்று மேலிடத்துக்கு அதன்மேல் ஒரு மயக்கம். வெள்ளை ஓரம் இருந்தால், வெட்டும் இயந்திரம் கொஞ்சம் நகர்ந்தாலும் கட்டங்கள் முழுசாக உள்ளே இருக்கும். ஓரமில்லாத சீட்டில் அப்படியில்லை. கத்தி ஒரு மயிரிழை தள்ளி இறங்கினால் போதும், இடது விளிம்பில் முழுக்கட்டமும் வலது விளிம்பில் அரைக்கட்டமுமாக வந்து நிற்கும். அப்புறம் பறவை வரைந்ததற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

அந்தச் செப்டம்பர் கடைசியில் வந்த சரக்கு அப்படித்தான் வந்தது.

சீனத் தேசிய தின விடுமுறைக்கு நாலு நாள் இருந்தது. சீனப் பெருநிலத்திலிருந்து வருகிற கூட்டத்தில் மேசைக்கு மேசை மூச்சுமுட்டும் வாரம். பத்துக் கட்டுக்கு ஒரு கட்டைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்பது விதி. முதல் கட்டைப் பிரித்து, இரண்டு சீட்டை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்து லென்ஸில் பார்த்தேன். வலது விளிம்பில் கட்டம் அறுந்திருந்தது. இரண்டாவது கட்டிலும் அறுந்திருந்தது. திருப்பி அனுப்பினால் விடுமுறை வாரத்துக்குக் கையில் சீட்டு இருக்காது. மேலே எழுதவேண்டும், கீழே எழுதவேண்டும், எவனெவனோ வந்து என் அறையில் நின்று கேள்வி கேட்பான். ஒரு மயிரிழைதானே, லென்ஸோடு வந்து எவன் மேசையில் உட்காரப்போகிறான் என்று நினைத்தேன். ‘சரிபார்த்தது, லியூங் சீஃபாய்’ என்று சீட்டுப் பெட்டிகளில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அதன்பிறகு போய் ஒரு பன்றியிறைச்சி பன்னும் பால் தேநீரும் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு என் அறைக் கம்பி ஜன்னலில் யிம்ஃபோங் வந்து நின்றாள்.

தாம் யிம்ஃபோங் பக்காரா மேசையில் சீட்டு போடுகிறவள், அதாவது டீலர். பக்காரா தெரியாதவர்களுக்கு: இரண்டு பக்கம் சீட்டு விழும், ஒன்பதுக்குப் பக்கத்தில் எது வருகிறதோ அது ஜெயிக்கும், எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே கட்டவேண்டும், அவ்வளவுதான். பதினெட்டு வயதில் இந்த மேசைக்கு வந்தவளுக்கு அப்போது முப்பத்தாறு. வேறு எந்தத் தொழிலும் தெரியாது. புருஷன் ஒருவன் இருந்தான், எல்லை தாண்டிச் சூஹாய் பக்கம் போனவன் திரும்பவில்லை. வீட்டில் அப்பா பக்கவாதத்தில் கிடந்தார். இந்த ஊரில் படிக்காத பெண்ணுக்கு மரியாதையான சம்பளம் தருகிற வேலை இது ஒன்றுதான். மாளிகைகளுக்குள் ஒரு பட்டியல் உண்டு. அதில் பெயர் ஏறிவிட்டால் எந்த மாளிகையிலும் மேசையைத் தொடமுடியாது. டீலர்கள் அந்தப் பட்டியலைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

"ஃபாய் அண்ணே, சாப்ட்டீங்களா?"

"சாப்பிடலேன்னா ஊட்டப்போறியா? என்ன வேணும்?"

மேசை திறக்கும்போது புதுச்சீட்டை டீலர் விரித்துப் பார்ப்பது வழக்கம். சந்தேகமிருந்தால் கட்டோடு என்னிடம் கொண்டுவரலாம். என் காலத்தில் அதுவரை ஒருத்தரும் கொண்டுவந்ததில்லை. இவள் கொண்டுவந்திருந்தாள். இரண்டு சீட்டை எடுத்து ஜன்னல் பலகையில் வைத்தாள். ஒன்றை அப்படியே வைத்து, இன்னொன்றைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள்.

"இந்த ஓரத்தப் பாருங்கண்ணே. இதுல கட்டம் முழுசா இருக்கு. இதுல பாதிதான் இருக்கு. ரெண்டும் ஒரே கட்டுதான். திருப்பி வெச்சா வித்தியாசம் தெரியுது."

எனக்குச் சுருக்கென்றது. லென்ஸ் வைத்து நான் கண்டுபிடித்ததை இவள் நாலடி தூரத்தில் நின்று, வெறுங்கண்ணால், மேசை விளக்கில் கண்டுபிடித்துவிட்டாள். பயம் வந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். முதலில் வந்தது பயமில்லை, பொறாமை.

சிரித்தேன். வேண்டுமென்றே பலமாகச் சிரித்தேன்.

"லென்ஸ்ல பாத்துட்டேன்மா. எல்லாம் சரியா இருக்கு. ராத்திரி சரியாத் தூங்கினியா?"

"இல்லண்ணே, நெசமாத்தான்..."

"ஃபோங், கை இருக்கறவ சீட்டு போடு. கண்ணு இருக்கறவன் நான் பாத்துக்கறேன். நாளைக்கு நான் வந்து உன் மேசைல சீட்டு போட்டா நல்லாருக்குமா?"

அவள் அந்த இரண்டு சீட்டையும் இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு தானும் சிரித்தாள்.

"சரிண்ணே. நீங்க பாத்திருந்தா சரிதான். எனக்குத்தான் கண்ணாடி போடற வயசாச்சு போல."

கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் என்னை நம்பினாள். இந்த இடத்தைத் தாண்டிப்போகாமல் கொஞ்சம் நின்று சொல்கிறேன்: என்னுடைய கண்ணை நம்பி, தன்னுடைய கண்ணைப் பொய்யாக்கிக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை காலை ஸூ அம்மா வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கருப்புக் கால்சட்டை, காலில் சாதாரணத் துணிச் செருப்பு, கையில் பச்சை மணிக்கல் வளையல். பெரிய தொகையைக் காட்டி, தனி அறையில் மேசை கேட்டாள். மேசைப் பகுதிக்குப் பொறுப்பான குவான் அவளுக்கு யிம்ஃபோங்கைக் கொடுத்தார். யிம்ஃபோங்குக்குத்தான் கை சுத்தம், வாயும் சுத்தம்.

எங்கள் ஊரில் ஆட வருகிற விருந்தாளியின் ராசி நம்பிக்கைக்குக் குறுக்கே நிற்கக்கூடாது. இது எழுதாத சட்டம். ஒருத்தன் பெரிய வாசல் வழியாக வரமாட்டான், சமையலறை வழியாகத்தான் வருவான். ஒருத்தி தன் தோளில் யார் கை பட்டாலும் எழுந்து போய்விடுவாள். சீட்டை மேசையோடு அழுத்தி, ஓரத்தை மட்டும் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தூக்கிப் பார்ப்பார்கள், வேண்டாத புள்ளி ஓடிப்போக வாயால் ஊதுவார்கள், தோற்றால் சீட்டைக் கிழித்து எறிவார்கள். ஒரு ஆட்டம் முடிந்து என் அறைக்குத் திரும்பி வருகிற சீட்டைப் பார்த்தால் கறிக்கடையிலிருந்து வந்தது போலிருக்கும். அப்படியே அரைக்கும் இயந்திரத்தில் போட்டுவிடுவேன்.

ஸூ அம்மா சீட்டைத் தொடவே இல்லை.

"என் கை ராசியில்லாத கைம்மா. இந்தக் கையாலதான் என் புருஷனுக்குக் கடைசிக் கஞ்சி ஊத்தினேன். நீயே தெறந்து காட்டு" என்றாளாம் யிம்ஃபோங்கிடம்.

யிம்ஃபோங் திறந்து காட்டினாள். எட்டு வந்தது.

"இது என்னைப் பாத்துச் சிரிக்குது. இதோட தலைய கடல் பக்கம் வை. என் ஊரு கடலுக்கு அந்தப் பக்கம்."

யிம்ஃபோங் கையைத் தூக்கிக் குவானைக் கூப்பிட்டாள். அதுவும் முறைப்படிதான். குவான் வந்தார், விருந்தாளியைப் பார்த்து வளைந்து சிரித்தார்.

"வைம்மா. தலைய கடல் பக்கம் வெச்சா உனக்கென்ன, மலைப் பக்கம் வெச்சா உனக்கென்ன? மேடம் கேக்கறாங்கல்ல?"

அன்று ஆட்டம் முழுக்க ஆறும் ஏழும் எட்டும் ஒன்பதும் கடல் பக்கம் தலைவைத்துப் படுத்தன. மற்றதெல்லாம் இருந்தபடியே கிடந்தன. சீட்டைக் கையால் கலைக்கவேண்டாம், மனுஷக் கையில் துக்கம் ஒட்டியிருக்கும், இயந்திரத்தில் கலையுங்கள் என்றாள். குவானுக்குச் சந்தோஷம், இயந்திரமென்றால் நேரம் மிச்சம். கையால் கலைத்தால் பாதிச் சீட்டு திரும்பிவிடும். இயந்திரம் கலைக்குமே தவிரத் திருப்பாது. கடைசியாக ஒன்று கேட்டாள். "இந்தச் சீட்டு எனக்குப் பழகிருச்சு. நாளைக்கும் இதையே போடுங்க." கசங்காத சீட்டுதானே என்று அதற்கும் குவான் தலையாட்டினார்.

சீட்டை யாராவது தொடாமல் இருந்தால் இந்த ஊரில் அதைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருக்கவேண்டும். நாங்கள் ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. இன்னொரு கிறுக்கு என்று நினைத்துக்கொண்டோம். மேலே காமிரா அறையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆறு பேரும் அப்படியே நினைத்துக்கொண்டார்கள்.

வியாழன் பிற்பகல் அந்தச் சீட்டு மறுநாளைக்காகப் பூட்டிவைக்க என் அறைக்கு வந்தது. மடிப்பில்லை, நகக்குறியில்லை. கடையிலிருந்து வந்த சீட்டு போலத் தட்டையாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு மேசையில் முதுகுப்புறம் தெரிய விரித்தேன். சிலதில் இடது பக்கம் அரைக்கட்டம், சிலதில் வலது பக்கம் அரைக்கட்டம். இடது பக்கம் அரைக்கட்டம் இருந்த ஒன்றைத் திருப்பினேன். ஒன்பது. இன்னொன்று, ஏழு. இன்னொன்று, எட்டு.

மேசையில் டீலர் சீட்டை உருவுகிற பெட்டியின் வாயில் அடுத்த சீட்டின் விளிம்பு எப்போதும் தெரியும். அந்த அம்மாள் கட்டுவதற்கு முன்பே அடுத்தது பெரிய சீட்டா சின்னச் சீட்டா என்று பார்த்துவிட்டுக் கட்டுகிறாள். அவ்வளவுதான் விஷயம்.

அப்போதே மாடி ஏறிப் போய்ச் சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது? சரக்கில் குறை இருக்கிறது, எனக்குத் தெரியும், தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன், நேற்று முன்தினம் ஒருத்தி வந்து சொன்னாள், அவளைக் கேலி பண்ணி அனுப்பினேன் என்றா? சீட்டை வரிசை மாறாமல் எடுத்து அடுக்கினேன். வெள்ளிக்கிழமை காலை என் கையாலேயே அந்த மேசைக்கு அனுப்பினேன். சனிக்கிழமையும் அனுப்பினேன். ஒருவேளை அவள் தோற்றுவிடுவாள் என்று நினைத்தேன். இப்படி நினைக்கிறவனை என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிப் படகில் ஸூ அம்மா ஹாங்காங் போய்விட்டாள். மூன்று கோடியே பத்து லட்சம் டாலர் அவளோடு போனது. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு என்னை இரண்டாம் மாடிக்குக் கூப்பிட்டார்கள்.

ஜன்னலில்லாத சின்ன அறை. நடுவில் பச்சைத் துணி போடாத வெறும் மேசை. ஒரு பக்கம் ரொசாரியோ, மாளிகையின் பாதுகாப்புத் தலைவர். போர்த்துகீசியப் பெயர், ஆனால் பிறந்தது இங்கேதான், கெட்டவார்த்தையெல்லாம் கான்டனீஸில்தான் வரும். பழைய போலீஸ்காரர். அவர் பக்கத்தில் குவான், வியர்த்துக்கொண்டு. எதிரே சீருடையில் யிம்ஃபோங். அவளுக்கு அழுத முகமில்லை. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத முகம்.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. "வந்துட்டாரு சார். அவர்கிட்டயே கேளுங்க" என்றாள்.

"கேக்கறேன், இரு" என்றார் ரொசாரியோ. "மொதல்ல நீ சொன்னத இன்னொரு தடவ சொல்லு. நல்லா யோசிச்சுச் சொல்லு. நீ சீட்டத் திருப்பின. விருந்தாளி கேட்டா, குவான் சரின்னாரு, நீ திருப்பின. ஓரம் வித்தியாசமா இருக்கறது உனக்குத் தெரியாது. அப்படித்தானே?"

எனக்குப் புரிந்தது. குவானுக்கும் புரிந்தது. வழுக்கிற தரையில் பலகை போடுவது போல ரொசாரியோ அவளுக்கு வழி போட்டுக்கொடுத்தார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏமாந்த டீலர் என்று ஆகியிருக்கும். ஒரு மாதச் சம்பளம் பிடிப்பார்கள், நல்ல மேசை தரமாட்டார்கள், அதோடு போகும். அவளும் தப்பிப்பாள், நானும் தப்பிப்பேன். சொல்லிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"தெரியும் சார்" என்றாள் யிம்ஃபோங். "செவ்வாக்கெழம மேசை தெறக்கும்போதே பாத்தேன். பாத்ததும் ஃபாய் அண்ணன்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். அவரு லென்ஸ்ல பாத்துட்டேன், சரியா இருக்குன்னாரு. அதனால என் கண்ணுதான் தப்புன்னு விட்டுட்டேன். அந்த அம்மா திருப்பச் சொன்னப்பகூட மனசு உறுத்துச்சு. அதான் கைதூக்கி குவான் சாரக் கூப்ட்டேன்."

குவான் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார்.

ரொசாரியோ பெருமூச்சு விட்டார். "ஏம்மா, உனக்குத் தப்பிக்கவே தெரியாதா?"

"பதினெட்டு வருஷமா சீட்டு போடறேன் சார். கண்ணு தெரியாம போட்டேன்னு எப்படிச் சொல்றது?"

ரொசாரியோ மேசையில் இருந்த திரையை என் பக்கம் திருப்பினார். செவ்வாய்க்கிழமை, பத்து மணி நாலு நிமிடம். என் கம்பி ஜன்னல். யிம்ஃபோங் இரண்டு சீட்டை வைக்கிறாள், ஒன்றைத் திருப்புகிறாள், எதையோ சொல்கிறாள். நான் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறேன். எங்கள் காமிராவுக்குக் கண் உண்டு, காது கிடையாது.

"பேச்சு வரல" என்றார் ரொசாரியோ. "அதனாலதான் உன்னைக் கூப்ட்டேன், ஃபாய். நேராவே சொல்லிடறேன். இவ கொற இருக்குன்னு சொல்லியிருந்தா, முறைப்படி நடந்திருக்கா. நீ கேட்டும் விட்டிருக்க. அப்ப வீட்டுக்குப் போறது நீ. இவ அதச் சொல்லலேன்னா, ஓரம் தெரிஞ்சே மூணு நாள் அந்தப் பொம்பளைக்குச் சீட்டத் திருப்பிக் குடுத்திருக்கா. இப்பதான் அவளே தெரியும்னு சொன்னா. அதுக்குப் பேரு கூட்டுக் களவு. பட்டியல்ல பேரு ஏறும். என்ன சொன்னா இவ?"

"சொல்லுங்கண்ணே" என்றாள் யிம்ஃபோங். பிறகு ரொசாரியோவிடம் திரும்பி, "அண்ணன் வாய்தான் சார் முள்ளு. கண்ணுல பொய் இருக்காது. இந்த மாளிகைல எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

எனக்கு ஐம்பத்தி நாலு வயது. ஓய்வுக்கு ஆறு வருடம் இருந்தது. நான் போனால் என்ன ஆகும் என்று யோசித்தேன். மனைவி திட்டுவாள். மருமகனின் மீன் கடையில் உட்காரலாம். சோற்றுக்குக் குறை வராது. பட்டியல் டீலர்களுக்குத்தான், சீட்டு பார்க்கிறவனுக்கு அதில் இடமில்லை. அவள் போனால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் நன்றாகத் தெரிந்துகொண்டுதான் வாயைத் திறந்தேன். பதற்றத்தில் உளறினேன் என்று யாரும் எனக்காகப் பேசவேண்டாம்.

"கொற இருக்குன்னு சொல்லல சார்" என்றேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவளைக் கவிழ்க்க அதுவே போதும். ஆனால் திரையில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ரொசாரியோ அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எதுக்குச் சிரிச்ச?"

"அவ கேட்ட கேள்விக்குச் சிரிச்சேன் சார். ரெண்டு சீட்ட வெச்சு, ஒண்ணத் திருப்பி, இப்படித் திருப்பி வெச்சா மேல இருக்கற காமிராவுக்குத் தெரியுமாண்ணேன்னு கேட்டா. வெளையாட்டுக்குக் கேக்கறான்னு நெனச்சேன்."

நான் சொன்னது திரையில் நடந்ததோடு அச்சாகப் பொருந்தியது. வைக்கிறாள், திருப்புகிறாள், கேட்கிறாள், சிரிக்கிறேன். எனக்கே அது உண்மை போலத் தோன்றியது. பொய்யை இவ்வளவு ஒழுங்காக வெட்ட எனக்கு வருமென்று அன்றுவரை தெரியாது.

"சரக்குல கொற இருந்திருக்கே?" என்றார் ரொசாரியோ.

"பத்துக் கட்டுக்கு ஒண்ணுதான் சார் பிரிக்கணும். நான் பிரிச்சது சரியா இருந்துச்சு."

"நான் அப்பவே நெனச்சேன்" என்று குவான் இப்போது வாயைத் திறந்தார். அவர் எதையும் அப்போது நினைக்கவில்லை. "என்னக் கைதூக்கிக் கூப்ட்டதே நாடகம்தான் சார். தன்மேல பழி வராம இருக்க."

யிம்ஃபோங் கத்தவில்லை. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் கோபமாவது வந்திருக்கும். அவள் திரையைப் பார்த்தாள். ரொசாரியோ மறுபடி ஓடவிட்டதில் அவளே மறுபடி வந்து, மறுபடி சீட்டைத் திருப்பிவைத்தாள். தன் வாயில் வார்த்தையைத் தேடுவது போலத் தன் உருவத்தின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, எங்கப்பா..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

"அந்தப் பொம்பள உனக்கு எவ்வளவு குடுத்தா?" என்றார் ரொசாரியோ. அவர் குரல் மாறிவிட்டது. பலகையை எடுத்துவிட்டார்.

"ஒண்ணும் குடுக்கல சார்."

"சொன்னா உனக்குத்தான் நல்லது."

"குடுக்கல சார்."

"சரி. போலீஸ்ல சொல்லு. மார்ல இருக்கற பேட்ஜக் கழட்டி வை."

கழற்றி வைத்தாள். ஊசி சட்டையில் சிக்கிக்கொண்டது. குவான் உதவி செய்யப் போவது போலக் கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டார். அவளே அதை எடுத்து, ரொசாரியோவின் பக்கம் பெயர் தெரியும்படி நேராக வைத்தாள்.

"போலாமா சார்?"

"வெளிய ஆள் நிக்கறான். அவன்கூடப் போ."

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். எழுந்தவள் அப்படியே போயிருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

மேசையை விட்டு எழும்போது டீலர் கையைத் தட்டி, விரல்களை விரித்து, உள்ளங்கையும் புறங்கையும் மேலே காமிராவுக்குக் காட்டவேண்டும். பந்தயச் சில்லு எதுவும் கையில் இல்லை, சீட்டு எதுவும் கையில் இல்லை என்று அர்த்தம். தண்ணீர் குடிக்கப் போனாலும் காட்டவேண்டும், மாரடைப்பு வந்து தூக்கிக்கொண்டு போனாலும் காட்டவேண்டும் என்று டீலர்கள் கிண்டல் செய்வார்கள். பதினெட்டு வருடப் பழக்கம். யிம்ஃபோங் எழுந்து நின்று ஒருமுறை கையைத் தட்டினாள். விரல்களை விரித்தாள். உள்ளங்கையைக் காட்டினாள், புறங்கையைக் காட்டினாள். காட்டிக்கொண்டே தலையைத் தூக்கிக் காமிராவைத் தேடினாள். அந்த அறையில் காமிரா கிடையாது. வெறும் கூரை. கையைத் தூக்கியபடியே, எங்கே காட்டுவதென்று தெரியாமல் கொஞ்சநேரம் நின்றாள்.

குவான்தான் முதலில் சிரித்தார். பிறகு நானும் சிரித்தேன்.